மாமியார் சுவர்

டெய்லருக்கு ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் இதில் யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள் என்று முதலில் முடிவு கட்டிவிடுவார், யோசிப்பதெல்லாம் அப்புறம்தான். துணி வாங்கினால் அகலத்தில் கைவைத்துவிட்டார்கள் என்பார். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போகிறார் என்பார். பாதி நேரம் அவர் சொன்னது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால்தான் வீட்டில் யாராலும் அவரைத் திருத்த முடியவில்லை.

அவர் மனைவி கட்டட வேலைப் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரம். ஒரு சாயங்காலம் வெடித்துப்போன விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டே, "கலவையில சிமெண்டே கிடையாதுங்க. வெறும் சுண்ணாம்பும் மணலும்தான்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். டெய்லர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சிமெண்ட் இல்லாம சுவரா?"

"ஆமாங்க."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'முதல்ல கல்லை வச்சுப் பழகுங்க, அப்புறம் சொல்றேன்'னாரு மாஸ்டர்."

"சொல்வாரு, சொல்வாரு! ஏன் சொல்லமாட்டாரு? மூட்டை எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"ஐயோ, ஆரம்பிச்சுட்டீங்களா" என்று அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்ததுதான் அவள் செய்த தவறு.

அவள் அதுவரை பல வருஷம் டைல்ஸ் கடை ஒன்றில் நின்றவள். எந்தச் சுவருக்கு எந்த நிறம் எடுக்கும், எது வழுக்கும், எது கறை பிடிக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். கடையை மூடினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வேறு கடை தேடிப் போனார்கள். இவள் மட்டும் கட்டட வேலைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். "இத்தனை நாள் சுவத்து மேல ஒட்டறதை வித்தாச்சு. சுவத்தைக் கட்டித்தான் பார்ப்போமே" என்றாள். மகள் சிரித்துவிட்டாள். டெய்லர் சிரிக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் இப்படி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கு வரும் என்று உள்ளூரப் பூரித்துப்போனார். மறுநாளே தன் தையல் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும், அளவெடுக்கிற சாக்கில், "என் வீட்டுக்காரி கொத்தனாராகப் போறா" என்று தம்பட்டம் அடித்தார். அப்படிப்பட்ட மனைவிக்கு வெறும் மணலைக் கொடுத்து ஏமாற்றினால் மனிதனுக்குப் பொறுக்குமா?

பயிற்சி நடந்த இடம் ஒரு பழைய கிடங்கு. உயரமான கூரை, அதில் இடையிடையே பதித்த கண்ணாடித் தகடுகள் வழியாக வெளிச்சம் இறங்கும். தரை முழுக்க மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு ஒரு செங்கல் அடுக்கு, ஒரு வாளி, ஒரு கலவைக் குவியல். சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் நூல் மாஸ்டர் என்றார்கள். ஆளும் ஒல்லி, சட்டைப் பையிலும் எந்நேரமும் ஒரு நூல்கண்டு. டெய்லரின் மனைவியைவிட வயதில் சின்னவர். கூடப் படித்தவர்களோ, முக்கால்வாசிப் பேர் அவள் மகள் வயது. அதனால் மாஸ்டர் உட்பட அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். மாஸ்டர் திட்டும்போதுகூட "அக்கா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவார்.

அந்த வியாழக்கிழமைதான் முதல் முதலாக நிஜச் சுவர். காலையில் கலவை கலக்கி, நூல் கட்டி வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து கல் வைக்க வேண்டும். எல்லோரும் பின்பக்கம் மர நிழலில் டப்பாவைத் திறந்து உட்கார்ந்த நேரம் பார்த்து, டெய்லர் ஒரு பெரிய துணிப்பையோடு உள்ளே நுழைந்தார். பையின் மேலே வெட்டுத் துணிகள்; அடியில், குளியலறை ரிப்பேரில் மிஞ்சிய அரை மூட்டை சிமெண்ட்.

எந்தக் கட்டம் அவளுடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவர் கையால் தைத்துக் கொடுத்த பை அங்கே ஆணியில் தொங்கியது. குவியல் மேலிருந்த ஈரச் சாக்கை விலக்கினார். கொண்டுவந்ததைக் கொட்டினார். மண்வெட்டியால் புரட்டப் புரட்ட அவருக்கு மூச்சு வாங்கியது. ஊசி பிடித்த கைக்கு மண்வெட்டி புதுசு. இதையா இவள் தினமும் செய்கிறாள் என்று ஒரு கணம் மலைத்துப்போனார். சாக்கை மூடிவிட்டு, பூனை மாதிரி வந்த வழியே வெளியேறி, கடையைத் திறந்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு பாவாடைக்கு நாடா கோத்தார்.

சாயங்காலம் அவள் பறந்துகொண்டு வந்தாள். "கை வந்துடுச்சுங்க! கலவை இன்னிக்கு அப்படியே சொன்ன பேச்சு கேட்டுச்சு. வச்சா வச்ச இடத்துல நிக்குது!"

"அப்படியா! பரவாயில்லையே!" என்றார் டெய்லர். நல்ல காரியம் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டாத மகானுடைய முகம் அப்போது அவருக்கு.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது, அவளுக்கும்தான் தெரியாது. அந்தக் கிடங்கில் கட்டுகிற எந்தச் சுவரும் நிற்பதற்காகக் கட்டுவதில்லை. கட்டி, பார்த்து, குறை சொல்லி, தள்ளிவிடுவார்கள். கல்லைத் தட்டித் துடைத்து அடுத்த சுவருக்கு அடுக்குவார்கள். உதிர்ந்த சுண்ணாம்புக் கலவையை மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் புதுக் கலவை. சிமெண்ட் கலக்காததற்கு அதுதான் காரணம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் முதல் சுவர் விழும் என்பதை மாஸ்டர் சொல்லமாட்டார். விழத்தான் போகிறது என்று தெரிந்தால் எவன் மனசு வைத்துக் கட்டுவான்?

திங்கட்கிழமை காலை மாஸ்டர் கையைத் தட்டினார். "எல்லாரும் அவங்கவங்க சுவத்தைத் தள்ளுங்க."

யாரும் அசையவில்லை. வாழ்க்கையில் முதல் முதலாகக் கட்டிய சுவர் அல்லவா? ஒரு பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாஸ்டர் காரணத்தைச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக, பொத்து பொத்தென்று, கிடங்கு முழுக்கச் சுவர்கள் விழுந்தன. எல்லாம் விழுந்து தூசி அடங்கிய பிறகு ஒரு மூலையில் ஒரே ஒரு சுவர் மட்டும் நின்றது.

அக்கா காலால் தள்ளினாள். தோளைக் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு பையன்கள் வந்து முட்டினார்கள். ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மாஸ்டர் வந்து கொத்துக்கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டினார். ணங் என்றது. இடுக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இதுல சிமெண்ட் எப்படி வந்துச்சு?"

"தெரியல மாஸ்டர்."

"சிமெண்ட் ரூம் சாவி என்கிட்ட இருக்கு. உங்க குவியல்ல மட்டும் எப்படி வரும்?"

"சத்தியமா தெரியல மாஸ்டர்."

"சுவர் கோணலா இருந்தா நான் சரிபண்ணிடுவேன், அக்கா. அது என் வேலை. ஆனா சொல்லாம கொள்ளாம கலவையில கைவைக்கிற ஆளை நான் எந்த சைட்டுக்கும் நம்பி அனுப்பமாட்டேன். நாளைக்குக் கட்டடம் யார் தலையில விழும்?"

படிப்பு முடியும்போது கட்டடக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வருவார்கள். மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால்தான் கொத்தனார் வேலை. இல்லாவிட்டால் கல் சுமக்கப் போகலாம். அதற்குப் பயிற்சி எதற்கு? அந்த ஒரு வார்த்தை தனக்கு இல்லை என்பது அவளுக்கு முதல் வாரம் முடிந்த கையோடு தெரிந்துவிட்டது.

பெரிய சுத்தியலால் நாலு சாத்து சாத்தினால் சுவர் போயிருக்கும். மாஸ்டர் விடவில்லை. "இருக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். பார்க்கிற மாதிரியா இருந்தது அது? ஒரு பக்கம் சரிந்து, நடுவில் வயிறு தள்ளி, இடுக்குகள் ஒன்று விரல் பருமன், இன்னொன்று நூல் பருமன். அக்காவின் கட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. பையன்கள் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தார்கள். எவ்வளவு தள்ளினாலும் நகராது, எந்த வேலைக்கும் குறுக்கே நிற்கும், பார்த்தாலே முதுகு நிமிரும். சட்டையைக் கழற்றி அதன்மேல்தான் போட்டார்கள். "மாமியார் மேல டப்பா இருக்கு, எடுத்துட்டு வா" என்றால் யாருக்கும் சிரிப்பு வராத அளவுக்கு அது பழகிவிட்டது.

அன்று சாப்பிடும்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. ஆனால் வழக்கமாக அவள் கதை சொன்னால் கை ஆடும்; அன்று ஆடவில்லை. டெய்லருக்கு வாயில் போட்ட சோறு உள்ளே போகவில்லை. நேரம் பார்த்து மகள் கேட்டாள்:

"அப்பா, பாத்ரூம் ரிப்பேர்ல மிஞ்சின சிமெண்ட் பின்னாடி இருந்துச்சே, காணோமே? பூந்தொட்டி விரிசல் விட்டிருக்கு."

"அதுவா... அது கட்டியாயிடுச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன்."

மனைவி தலையைத் தூக்கி ஒரு தரம் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட்டாள். டெய்லர் தன் தட்டை ஆராய்ந்துகொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாளை வந்தது. கிடங்கு வாசல்வரை போய், மாஸ்டரின் குரல் கேட்டதும் திரும்பிவிட்டார். வீட்டுக்காரன் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து கலவையைக் கெடுத்தான் என்று தெரிந்தால் அவளையே வெளியே அனுப்பிவிட்டால்? இப்படி ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து, கோழைத்தனத்துக்கு நல்ல துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டுவிட்டார். தொழில் சுத்தம், தையல் வெளியே தெரியவில்லை.

ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. டப்பா மறந்துவிட்டாள், குடை மறந்துவிட்டாள் என்று சாக்கு வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போவார். சாக்கு கிடைக்காத நாளில் குடையை அவரே ஒளித்து வைத்துவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டு ஓடுவார். வாசல் ஓரமாக நின்று பார்ப்பார்.

முதலில் பார்த்தது குற்ற உணர்ச்சியில். நாளாக ஆக, பார்க்காமல் இருக்க முடியாததால் பார்த்தார். அவருக்குக் கட்டடம் தெரியாது, கை தெரியும். பத்து தையல்காரர்களை வரிசையாக உட்காரவைத்தால், துணியைத் தொடுகிற விதத்திலேயே எவன் தேறுவான் என்று சொல்லிவிடுகிற மனிதர். இவள் செங்கல்லை எடுக்கும்போதே உள்ளங்கையில் ஒரு சுழற்று சுழற்றி, நல்ல முகம் எதுவென்று பார்த்துவிடுகிறாள். கரண்டியால் ஒரு வீச்சு. கலவை நீளமாகப் படுக்கிறது. கல்லை வைத்து ஒரு அமுக்கு, காம்பால் ஒரு தட்டு. பிதுங்கியதைச் சீவி, கீழே விடாமல், அடுத்த கல்லின் ஓரத்தில் அதே வீச்சில் தடவுகிறாள். ஒரு அசைவுகூட வீண் இல்லை. டைல்ஸ் கடையில் விலைப் பட்டியலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த கையா இது? இத்தனை வருஷமாக இந்தக் கை எங்கே ஒளிந்திருந்தது? கல்யாணமான புதிதில்கூட அவளை இப்படி வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில்லை. அதை அவரே ஒப்புக்கொள்வார்.

வீட்டிலும் அவள் மாறிவிட்டாள். சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மூலையில வரும்போது அந்தாளுக்குப் பசி வந்துடுச்சு போல" என்பாள். கடைக்கு வந்து, துணி அடுக்குகிற பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்து, உள்ளே ஓடுகிற குமிழியைக் காட்டி, "எப்படித்தான் இத்தனை வருஷம் துணி கீழ விழாம இருந்துச்சோ!" என்று சிரிப்பாள். மறுநாள் பலகை நேராகியிருக்கும். அலுத்துப்போய் வந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். தூக்கத்திலும் வலது கட்டைவிரல் எதையோ சீவிக்கொண்டிருக்கும்.

கட்டிய சுவர்களோ வாராவாரம் விழுந்துகொண்டிருந்தன. நேர்சுவர், மூலை, தூண், ஜன்னல் வளைவு என்று அவள் கட்டக் கட்ட ஒன்றைவிட ஒன்று அழகு. எல்லாம் பொத்து பொத்தென்று போயின. மோசமான அந்த ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. அவளுடைய நல்ல வேலைக்குச் சாட்சி கிடையாது, கெட்ட வேலைக்கு மட்டும் நிரந்தரச் சாட்சி. இந்த அநியாயத்தை நினைக்கும்போதெல்லாம் டெய்லருக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஒரு நாள் காலையில் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டார். உள்ளே யாரும் இல்லை, அவளைத் தவிர. மாமியாருக்கு முன்னால் குனிந்து, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். மறுநாளும் அப்படித்தான் நின்றாள். தினமும் வேலையைத் தொடங்குமுன் இவள் இங்கே வந்து அழுதுவிட்டுத்தான் போகிறாள் என்று டெய்லர் முடிவு கட்டினார். முதலில் முடிவு, பிறகு யோசனை. அதுதான் தெரிந்த கதையாயிற்றே. கையில் இருந்த குடையைக் கொடுக்காமலே திரும்பி நடந்தார். நல்ல வெயில் வேறு.

கடைசி நாள் வந்தது. வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். டெய்லர் தனக்குத்தானே தைத்த புதுச் சட்டையில் போய் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். ஆள் எடுக்க வந்தவர் ஒரு பெண். ஊருக்கு வெளியே எழும்புகிற பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் சூப்பர்வைசர். காலில் பூட்ஸ், தலையில் அடிபட்டுக் கீறல் விழுந்த தொப்பி, பேச்சில் சர்க்கரை கிடையாது. கிடங்கை ஒரு சுற்று சுற்றியவர், சட்டைகள் தொங்கிய மாமியாருக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன கண்றாவி?"

பையன்கள் அவசரமாகச் சட்டைகளை உருவினார்கள். சுவர் அம்மணமாக நின்றது.

"யார் கட்டினது?"

"நான்தான் மேடம்" என்றாள் அக்கா.

மாஸ்டர் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். சிமெண்ட் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. "கை நல்ல கை மேடம். இங்க இருக்கறதுலயே நல்ல கை. ஆனா இந்த ஒரு விஷயத்துல என்னால வாக்குக் கொடுக்க முடியல" என்றார். அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சூப்பர்வைசர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. எல்லாரும் ஆளுக்கு ஒரு சுவர் கட்டுங்க. பார்ப்போம்."

எல்லோரும் தங்கள் கட்டங்களைக் கூட்டித் துடைத்து நூல் கட்ட ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் நகரவில்லை.

"மேடம், நான் இதுலேருந்தே எடுத்துக் கட்டறேன்."

"எதுலேருந்து?"

"இந்தச் சுவத்துலேருந்து. இதோட ஒட்டி, நேராக் கொண்டுபோறேன்."

"அக்கா, வேணாம்" என்றார் மாஸ்டர், தணிந்த குரலில். டெய்லருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கோணல் துணியோடு நேர் துணியைச் சேர்த்துத் தைப்பது எப்படிப்பட்ட தலைவலி என்று அவருக்குத் தெரியும். துணியையாவது இழுத்து விடலாம். செங்கல்லை எங்கே இழுப்பது?

"சைட்டுல யாரும் நமக்குச் சுத்தமான தரை கொடுக்கமாட்டாங்களே மேடம். எவனோ கோணலா விட்டுட்டுப் போனதுலேருந்துதானே எடுக்கணும்" என்றாள் அக்கா.

சூப்பர்வைசர் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "கட்டுங்க."

அவள் கல்லைத் தொடவே இல்லை, முதலில். மற்றவர்கள் இரண்டு வரிசை ஏற்றிவிட்டார்கள். இவள் இன்னும் நூலும் பென்சிலுமாக மாமியாரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டெய்லர் பெஞ்சில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். பிறகு தொடங்கினாள். பழைய சுவரின் ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்த கற்களுக்கு நடுவே புதுக் கல்லைக் கோத்தாள். பழைய வரிசை சரிந்த பக்கம் கலவையைத் தடிமனாகப் போட்டு, அடுத்த வரிசையில் ஒரு நூல் குறைத்து, அதற்கடுத்ததில் இன்னும் ஒரு நூல் குறைத்து, கண்ணுக்குத் தெரியாமல் அந்தச் சரிவை விழுங்கிக்கொண்டே போனாள். வயிறு தள்ளிய இடத்தில் கல்லைச் சாய்வாக வெட்டிச் சொருகினாள். வெட்டு ஒரே தட்டில் விழுந்தது. சத்தம் போடவில்லை, அவசரப்படவில்லை, யாரையும் பார்க்கவில்லை. முடித்த பையன்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். எந்த இடத்தில் கோணல் முடிந்தது, எந்த இடத்தில் நேர் தொடங்கியது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

சூப்பர்வைசர் தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டார். குண்டு ஆடி, நின்றது. நூலுக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. பெஞ்சில் டெய்லர் தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

"கை இருக்கு" என்றார் சூப்பர்வைசர். "ஆனா மாஸ்டர் சொன்னது இருக்கே. நான் கட்டறது ஆஸ்பத்திரி. கலவையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். அந்தச் சிமெண்டைப் போட்டது யாரு?"

"யாரு போட்டாங்கங்கறது இருக்கட்டும் மேடம்" என்றாள் அக்கா. "குவியல் என்னோடது. சாப்பிட்டு வந்து சாக்கை எடுத்தப்போ நிறம் மாறியிருந்துச்சு. கரண்டியில ஒட்டற விதமே வேற மாதிரி இருந்துச்சு. நான் நின்னு பார்த்திருக்கணும், மாஸ்டரைக் கேட்டிருக்கணும். எனக்குக் கை வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டுக் கட்டிட்டேன். அது என் தப்புதான். அதுக்கப்புறம் விரல்ல தேய்ச்சுப் பார்க்காம ஒரு கரண்டிகூட நான் எடுத்ததில்ல. கேட்டுப் பாருங்க."

மாஸ்டர் யோசித்தார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும், அவள் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பது அவர் கண் முன்னால் வந்தது. பழக்கம் என்று விட்டிருந்தார். "ஆமா மேடம். தேய்ச்சுப் பார்ப்பாங்க" என்றார் மெதுவாக. "நான் வாக்குக் கொடுக்கறேன்."

விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். டெய்லர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் அந்தப் பழியைத் தன் தலையில் அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதைப் பார்த்தபிறகு, கோழைத்தனத்துக்கு அவர் தைத்துப் போட்டிருந்த சட்டை தையல் விட்டுப்போனது.

"நான்தாங்க போட்டேன்!" என்று கத்திவிட்டார். கிடங்கே திரும்பியது. "என் வீட்டுல மிஞ்சின சிமெண்ட். நீங்க எல்லாரையும் ஏமாத்தறீங்கன்னு நினைச்சு, சாப்பாட்டு நேரத்துல வந்து, நான்தான்... அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"தெரியும்" என்றாள் மனைவி.

டெய்லர் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

"அன்னிக்கே தெரியும். சிமெண்ட் கட்டியாயிடுச்சுன்னு சொன்னீங்களே. உங்க பேண்ட் அடியிலதான் கட்டியாயிருந்துச்சு. நான்தானே துவைச்சேன்."

கிடங்கு சிரிப்பில் அதிர்ந்தது. சூப்பர்வைசர்கூடத் தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார். டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. அசடு வழிய அவள் பக்கத்தில் போய் நின்றார். "அப்புறம் ஏம்மா சொல்லல? தினமும் இது முன்னாடி நின்னு அழுதியே. நான் பார்த்தேனே."

"அழுதேனா? யாரு?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகு புரிந்தது. "ஐயோ, பாடம் படிச்சேங்க. எல்லாரோட முதல் சுவரும் அன்னிக்கே விழுந்துடுச்சு. எவ்வளவு மோசமாக் கட்டினோம்னு அவங்களுக்கு ஞாபகமே இல்ல. எனக்கு மட்டும்தான் அது அப்படியே நின்னுச்சு. தினமும் காலையில வந்து இதுல ஒரு தப்பு கண்டுபிடிப்பேன். அன்னிக்குப் பூரா அந்தத் தப்பை மட்டும் செய்யமாட்டேன். நேத்து வரைக்கும் கண்டுபிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

நூல் மாஸ்டர் சுவரைப் பார்த்தார். பிறகு, அதுவரை பார்த்தேயிராததுபோல் அக்காவைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை காலையில வந்துடுங்க. கொத்தனாரா" என்றார் சூப்பர்வைசர். போகிற போக்கில் மாமியாரைக் காட்டி, "இதை இன்னிக்கே இடிச்சுடுங்க. அடுத்து படிக்க ஆளுங்க வருவாங்களே" என்றார்.

எல்லோரும் டெய்லரைப் பார்த்தார்கள். "போட்டவங்களே எடுக்கட்டும் மாமா" என்று ஒரு பையன் பெரிய சுத்தியலைக் கொண்டுவந்து நீட்டினான்.

முதலில் அவள் அன்று கட்டிய புதுச் சுவரைப் பையன்கள் தள்ளினார்கள். வெறும் சுண்ணாம்புதானே; ஒரே தள்ளில் பொத்தென்று போனது. டெய்லருக்குத்தான் மனசு பதறியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், யாரோ கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

டெய்லர் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடித்தார். சுத்தியல் துள்ளித் திரும்பியது. மறுபடி அடித்தார். மேல் வரிசையில் ஒரு மூலை உடைந்து பறந்ததே தவிர, மாமியார் அசையவில்லை. "நல்ல சிமெண்ட்" என்று மூச்சு வாங்கச் சொன்னார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் மறைக்க முடியாது. அங்கே அடித்தார், இங்கே அடித்தார். வேர்வை கண்ணில் இறங்கியது.

"கீழேருந்து மூணாவது வரிசை" என்றாள் அவள், தேநீரை ஊதிக்கொண்டே. "வலது பக்கம், ஓரத்துலேருந்து ரெண்டாவது கல். அன்னிக்கு வாளியில தண்ணி தீர்ந்துடுச்சு. கை வந்த சந்தோஷத்துல அந்த வரிசையைப் பூராவும் நனைக்காம வச்சேன். காஞ்ச கல் கலவையோட தண்ணியைக் குடிச்சுடும். அங்க பிடிப்பே இருக்காது."

டெய்லர் குனிந்து, எண்ணி, அந்தக் கல்லைக் கண்டுபிடித்தார். பார்ப்பதற்கு மற்ற கல் மாதிரியேதான் இருந்தது. சுத்தியலை ஓங்கி ஒரு அடி அடித்தார்.

மூன்றாவது வரிசைக்கு மேலே இருந்த மாமியார் அப்படியே பெயர்ந்து, முழுசாகத் தரையில் சாய்ந்தது. தூசிக்குள் நின்றுகொண்டு அவர் திரும்பிப் பார்த்தார். அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, கல்லைத் துடைக்கக் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.